1200 மி.மீ. ஸ்பிட்ஃபயர்: இடது கால் பாதியில் நிற்கிறது, புல்லில் இறங்கினால் குப்புறக் கவிழ்கிறது. உதவி தேவை

கோவை ஃப்ளையர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1200 மி.மீ. இறக்கை நீளமுள்ள ஃபோம் ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானத்தின் ரிமோட் மாடல். எலெக்ட்ரிக் ரிட்ராக்ட் (சக்கரக் காலை மடக்கி இறக்கும் பொறி), தனி சர்வோ மோட்டார் இல்லாத வகை. காற்றில் அவ்வளவு அழகாகப் போகிறது. சிக்கல் எல்லாம் தரையில்தான்.

நாங்கள் பறக்கவிடும் இடம் புல்தரை, அங்கங்கே மேடு பள்ளம். இறங்கி வேகம் குறையும் நேரத்தில் சக்கரம் புல்லில் சிக்குகிறது, வால் எழும்புகிறது, மூக்கு தரையில் குத்துகிறது. ப்ரொப்பெல்லர் வாங்கி மாளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இடது சக்கரம் ஒரு குழியில் மாட்டி, ரிட்ராக்டை இறக்கையில் பிடித்திருக்கும் மவுண்டே பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. முன்பக்கத்து இரண்டு ஸ்க்ரூவும் ஃபோமோடு பெயர்ந்துவிட்டன. பின்பக்கத்தில் ஸ்க்ரூ அப்படியே இருக்கிறது, ஆனால் பிளாஸ்டிக் தட்டு ஃபோமுக்குள் 3 மி.மீ. அளவுக்கு அமுங்கியிருக்கிறது.

இப்போதைக்கு சயனோ பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அதிலிருந்து இடது கால் மேலே போகும்போது பாதியில் நின்றுவிடுகிறது. வலது கால் ஒழுங்காக வேலை செய்கிறது.

என்ன செய்யலாம்? உலோக ரிட்ராக்ட் வாங்கி மாற்றுவதா? இல்லை, தடிமனான ப்ளைவுட் வைத்து எபாக்ஸியில் இறுக்கிவிடுவதா? மடங்காத கம்பிக்கால் போட்டுவிடு என்று ஒருவர் சொன்னார். ஸ்பிட்ஃபயரைக் கால் தொங்கவிட்டுப் பறக்கவிட எனக்கு மனசு வரவில்லை.

பால்சாபித்தன்:

தம்பி, 5 மி.மீ. பிர்ச் ப்ளைவுட் வெட்டி வையுங்கள். இறக்கைக்குள் இருக்கும் கார்பன் குழாய் வரைக்கும் நீட்டி, மெதுவாகக் காயும் எபாக்ஸியில் ஒட்டுங்கள். பழைய பிளாஸ்டிக் தட்டே வேண்டாம். அப்புறம் அது ஜென்மத்துக்கும் பெயராது. கால் மாட்டும் உலோக ஊசி (பின்) 4 மி.மீ. என்றால், 5 மி.மீ. ஊசி வரும் ரிட்ராக்டாகப் பார்த்து வாங்கிவிடுங்கள்.

வால்சக்கரம்:

அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது.

முன் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்தது, பின்பக்கம் உள்ளே அமுங்கியது என்றால், சக்கரத்தைத் தரை பின்னோக்கி இழுத்திருக்கிறது. கால் ஒரு நெம்புகோல். அடியில் பின்னால் இழுத்தால் மேலே தட்டின் முன்விளிம்பு இறக்கையை விட்டுக் கழன்று வரப் பார்க்கும், பின்விளிம்பு இறக்கைக்குள் அழுந்தும். மேலிருந்து தொப்பென்று போட்டதால் வந்த சேதம் என்றால் நான்கு மூலையும் உள்ளே அமுங்கியிருக்கும். ஆகவே மூக்குக் குத்துவதும் மவுண்ட் பிய்ந்ததும் ஒரே நோய்தான். மவுண்டை மட்டும் இரும்பாக்கினால் அந்த நோய் தீராது.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

இடது ரிட்ராக்டை இறக்கையிலிருந்து கழற்றி, காலோடு கையில் பிடித்துக்கொண்டு ரிசீவரில் செருகி ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

அடுத்தது அளவு. வாலுக்குக் கீழே புத்தகம் அடுக்கி விமானத்தை மட்டமாக நிறுத்துங்கள். பேட்டரி உள்ளே இருக்கட்டும். சி.ஜி. (எடை மையம்) இருக்கும் இடத்திலிருந்து ஒரு நூலில் நட்டு கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலிலிருந்து சக்கர அச்சு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்று அளங்கள். தரையிலிருந்து சி.ஜி. எவ்வளவு உயரம் என்பதும் வேண்டும்.

மூன்றாவது, முன்னால் போய்க் குனிந்து, இரண்டு சக்கரமும் நேராகப் பார்க்கின்றனவா என்று பாருங்கள்.

அதுவரை அந்தக் கால் பாதியில் நிற்கிற நிலையில் திரும்பத் திரும்ப ஸ்விட்சைத் தட்டாதீர்கள். முட்டி நிற்கும் மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கும். ரிசீவரும் அதே பி.இ.சி.யிலிருந்துதான் (பேட்டரி வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) மின்சாரம் எடுக்கிறது. காற்றில் இருக்கும்போது வோல்டேஜ் விழுந்தால் விமானமே கையை விட்டுப் போய்விடும்.

கோவை ஃப்ளையர்:

நன்றி சார். பார்த்துவிட்டேன்.

கையில் பிடித்து ஓட்டினால் இடது கால் முழுசாக ஏறுகிறது, முழுசாக இறங்குகிறது, சத்தமும் வலதைப் போலவே இருக்கிறது. இறக்கையில் வைத்து நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினால் மறுபடி பாதியில் நிற்கிறது.

சக்கர அச்சு நூலுக்கு 30 மி.மீ. முன்னால் இருக்கிறது. சி.ஜி. உயரம் 180 மி.மீ. காலின் நீளம், மடங்கும் இடத்திலிருந்து அச்சு வரை, 130 மி.மீ.

இடது சக்கரம் முன்பக்கம் வெளியே பார்க்கிறது. கையால் திருப்பினால் திரும்புகிறது.

வால்சக்கரம்:

நல்லது, மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டது. ரிட்ராக்ட் மாற்றும் செலவு உங்களுக்கு இல்லை.

முதலில் பாதியில் நிற்பது. இந்த வகை ரிட்ராக்டுக்குள் ஒரு சின்ன மோட்டார் மரையிட்ட கம்பி ஒன்றைச் சுற்றுகிறது. அந்தக் கம்பியில் நகரும் நட்டுதான் காலைத் தூக்குகிறது. கால் எல்லைக்குப் போய் முட்டியதும் கரண்ட் ஏறும், போர்டு அதை உணர்ந்து மோட்டாரை நிறுத்தும். வழியில் எங்காவது இறுக்கம் வந்தாலும் போர்டுக்கு அது எல்லை வந்த மாதிரிதான் தெரியும். உங்கள் மவுண்ட் இப்போது மட்டமாக இல்லை, பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் பசையில் மேடாகி இருக்கிறது. அதன்மேல் வைத்து நான்கு மூலையையும் இறுக்கும்போது ரிட்ராக்டின் பிளாஸ்டிக் கூடு லேசாக முறுக்கிக்கொள்கிறது. உள்ளே நட்டு இறுகுகிறது. உறுதி செய்ய, ஏதாவது ஒரு மூலை ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். கால் முழுசாக ஏறினால் இதுதான் காரணம்.

அடுத்தது கவிழ்வது. 180-க்கு 30 என்றால் சி.ஜி.யிலிருந்து சக்கரம் 9 டிகிரிக்குச் சற்று மேல்தான் முன்னால் இருக்கிறது. வால்சக்கர விமானத்துக்கு 15-லிருந்து 20 வரை இருக்க வேண்டும். தார்ச் சாலையில் 9 டிகிரியை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம், புல்லில் முடியாது.

இது உங்கள் மாடலின் குறை மட்டும் இல்லை, ஸ்பிட்ஃபயரின் பிறவிக்குணம். மூக்கு நீளம், எடை முன்னால், இரண்டு கால்களும் நெருக்கமாக உடம்பை ஒட்டி இருந்து வெளிப்பக்கம் மடங்கும். அந்தக் காலத்தில், காற்று பலமாக அடிக்கும் நாளில் விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்லும்போது வால் எழும்பாமல் இருக்க ஆள் ஏறி வாலில் உட்காருவார்கள். 1945-இல் மார்கரெட் ஹார்ட்டன் என்ற விமானப்படைப் பெண் அப்படி உட்கார்ந்திருக்கும்போதே, அது தெரியாமல் விமானி மேலே ஏறிவிட்டார். ஒரு சுற்று சுற்றி இருவரும் பத்திரமாக இறங்கினார்கள். அந்த விமானம், ஏபி910, பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவுப் பிரிவில் இன்னும் இருக்கிறது.

உங்களுக்கு வேண்டிய செய்தி இன்னொன்று. சி வகை இறக்கை வந்தபோது, மார்க் 5சி-யிலிருந்து, அசல் விமானத்திலேயே கால்களை 2 அங்குலம் முன்னால் சாய்த்தார்கள். மூக்குக் குத்துவதைக் குறைக்கத்தான். அதனால் உங்கள் மாடலில் காலை முன்னால் சாய்ப்பது அசலைக் கெடுப்பதாகாது. ஆனால் அந்த 2 அங்குலம் உங்கள் அளவுக்கு வந்தால் 5 மி.மீ. சொச்சம்தான். உங்களுக்கு அது போதாது. விமானத்தைச் சிறிதாக்கலாம், புல்லைச் சிறிதாக்க முடியாதே.

எப்படிச் சாய்ப்பது? தட்டுக்கும் இறக்கைக்கும் நடுவில் ஆப்பு வையுங்கள். ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும், அப்போதுதான் காலின் அடி முன்னால் போகும். உங்கள் தட்டில் முன் பின் ஸ்க்ரூ இடைவெளி 40 மி.மீ. இருந்தால், பின்னால் 3 மி.மீ., முன்னால் பூஜ்யம் என்று உப்புத்தாளில் தேய்த்த ப்ளைவுட் ஆப்பு 4 டிகிரி தரும். சக்கரம் 9 மி.மீ. முன்னேறும். இதற்கு மேல் ஆப்பில் போகாதீர்கள். கால் மடங்கிய பிறகு சக்கரமும் அதே சாய்வில் கிடக்கும், பின்விளிம்பு இறக்கைக்கு வெளியே துருத்தும். மிச்சத்தைக் காலின் கம்பியில் எடுங்கள். வைஸில் பிடித்துக் குளிர்ந்த நிலையிலேயே 3 டிகிரி முன்னால் வளையுங்கள். சூடு காட்டவே கூடாது, ஸ்பிரிங் கம்பியின் முறுக்கு போய்விடும். அதில் ஒரு 7 மி.மீ. வரும். சக்கரக் குழியின் முன்விளிம்பில் அதே அளவு ஃபோமைச் சுரண்ட வேண்டியிருக்கும். எல்லாம் சேர்ந்தால் 46 மி.மீ., 14 டிகிரிக்கு மேல். இந்த விமானத்துக்கு அது போதும். ஆசைப்பட்டு இன்னும் முன்னால் தள்ளினால் இறங்கும்போது வால் சட்டென்று கீழே விழும், மூக்கு நிமிரும், விமானம் மறுபடி துள்ளி ஏறும். சி.ஜி.யைப் பின்னால் தள்ளிக் கணக்கைச் சரிசெய்ய மட்டும் நினைக்காதீர்கள்.

இனி பால்சாபித்தன் அண்ணன் சொன்ன 5 மி.மீ. ப்ளைவுட். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மவுண்ட் பெயராது என்றால் அடுத்த குழியில் வேறு ஏதாவது பெயரும். ஸ்பார் (இறக்கைக்குள் இருக்கும் அந்தக் கார்பன் குழாய்) பிளக்கும், அல்லது இறக்கை நடுவில் ஒடியும். எது உடைய வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும், மலிவாகவும் மைதானத்திலேயே மாற்றக்கூடியதாகவும் இருப்பது உடையட்டும். 3 மி.மீ. ப்ளைவுட்டில் தட்டு செய்து ஸ்பார் வரை நீட்டி ஒட்டுங்கள், அது சரி. பின் ஸ்க்ரூ இரண்டும் எஃகு. முன் இரண்டும் எம்3 நைலான் ஸ்க்ரூ, அதற்கு ப்ளைவுட்டின் உள்பக்கம் டி-நட்டு (மரத்தில் பதியும் நட்டு). சக்கரம் மாட்டினால் நைலான் அறுந்து கால் பின்னால் மடியும், இறக்கை தப்பிக்கும். ஒயரை மட்டும் கொஞ்சம் தொய்வாக விட்டு வையுங்கள்.

ஒட்டுவதற்கு முன் பழைய சயனோவை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். கண்ணாடி மாதிரி இறுகிய அந்தப் படலத்தின் மேல் எபாக்ஸி பிடிக்காது. அமுங்கிய ஃபோமையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு பதியுங்கள். தட்டைத் துளைத்து மூங்கில் குச்சி நாலைந்தைச் சாய்வாக ஃபோமுக்குள் எபாக்ஸி தடவிச் செருகினால் பிடிமானம் ஆழமாகும். ஒருநாள் காயட்டும்.

பால்சாபித்தன்:

நைலான் யோசனை சரிதான், ஒப்புக்கொள்கிறேன். நான் பால்சா இறக்கையை மனசில் வைத்துச் சொன்னேன். அதில் மர ரிப்பும் கடின மரக் கட்டையும் இருக்கும், பாரம் பரவிவிடும். ஃபோமில் அப்படி இல்லை. ஆனால் எனக்கு ஒரு கவலை. நைலான் வெயிலில் நாளடைவில் நொறுங்கும். சீசன் தொடங்கும்போது மாற்றிவிடுங்கள்.

திரும்புகிற சக்கரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கிரப் ஸ்க்ரூ (காலைப் பின்னோடு இறுக்கும் தலையில்லாத ஸ்க்ரூ) வழவழப்பான உருண்டைப் பின்னின் மேல் உட்கார்ந்தால் எவ்வளவு முடுக்கினாலும் வழுக்கும். பின்னில் கிரப் ஸ்க்ரூ உட்காரும் இடத்தை அரத்தால் தட்டையாகத் தேயுங்கள். நீல த்ரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும். இரண்டு சக்கரமும் முன்பக்கம் ஒன்றிரண்டு டிகிரி உள்ளே பார்க்கட்டும். வெளியே பார்த்தால் விமானம் தரையில் சுழன்றுவிடும்.

புதுச்சிறகு:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் பி-40 வார்ஹாக்கிலும் மவுண்ட் ஆடுகிறது. இதே வைத்தியம் ஒத்துவருமா? அடுத்து வாங்குவதென்றால் நம் தரைக்கு எது நல்லது?

வால்சக்கரம்:

தட்டும் நைலானும் ஒத்துவரும். கம்பியை வளைப்பது ஒத்துவராது. பி-40-இன் கால் பின்னால் மடங்கும்போதே 90 டிகிரி திரும்பி, சக்கரம் இறக்கைக்குள் படுக்கையாகக் கிடக்கும். கம்பியை வளைத்தால் அந்தத் திருப்பத்தில் சக்கரம் குழியில் உட்காராது.

அடுத்து வாங்குவதென்றால் ஹரிக்கேன் பாருங்கள். கால்கள் அகலமாக நின்று உள்பக்கம் மடங்கும், கரடுமுரடான தரையிலும் பக்கவாட்டில் சாயாது. 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் நம் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் ஓட்டியது அதைத்தான். அந்த வண்ணத்தில் ஒன்று நம் மைதானத்தில் பறந்தால் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கும்.

கோவை ஃப்ளையர்:

எல்லாம் செய்து முடித்துப் பறக்கவிட்டும் பார்த்தாயிற்று. ஸ்க்ரூவைத் தளர்த்தியதுமே கால் முழுசாக ஏறியது, சார் சொன்ன காரணமேதான். ஆப்பு வைத்து, கம்பி வளைத்த பிறகு 45 மி.மீ. வருகிறது. வலது பக்கத்துக்கும் அதே ஆப்பு, அதே நைலான்.

அதே புல்லில் இறங்கினேன். வால் ஒருமுறை லேசாக எழும்பி உட்கார்ந்துவிட்டது, ப்ரொப்பெல்லர் தரையைத் தொடவில்லை. பிறகு ஒரு இறக்கத்தில் வலது சக்கரம் மேட்டில் மோதி, முன் நைலான் இரண்டும் அறுந்தன. ஃபோமில் கீறல்கூட இல்லை. அங்கேயே மாற்றிவிட்டு மறுபடி பறக்கவிட்டேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு சந்தேகம்: அறுந்த ஸ்க்ரூவின் அடித்துண்டு டி-நட்டுக்குள் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, கத்தி முனையில் சுற்றி எடுக்க முடிந்தது. சுலபமான வழி இருக்கிறதா?

வால்சக்கரம்:

கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ போடுங்கள், டி-நட்டைத் தாண்டி உள்ளே 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி. மேலிருந்து பார்த்தால் அந்த முனை தெரிய இறக்கையின் மேல்பக்கம் சின்ன ஓட்டை போட்டு, மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். அறுந்தால் டேப்பை உரித்து, மூக்கு இடுக்கியால் பிடித்து மேல்பக்கமாகவே சுற்றி எடுத்துவிடலாம். ஓட்டை ஸ்பாரில் படாமல் தள்ளிப் போடுங்கள்.