விலை உயர்ந்த வார்ப்பிரும்புச் சட்டிக்கு அந்தப் பணம் தகுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக நான்ஸ்டிக் வாணலிகளில்தான் சமைத்து வருகிறேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூச்சு உரிந்துபோவதும், பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவதும் வாடிக்கையாகிவிட்டதால், இனி வார்ப்பிரும்புக்கு மாறுவதென்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். 26 செ.மீ. விட்டமுள்ள தட்டைச் சட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதே அளவில் இன்னொன்றின் விலை அதைப்போல் ஆறேழு மடங்கு. மலிவானதன் உட்புறத்தை விரலால் தடவினால் நுண்மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பாக இருக்கிறது. விலை உயர்ந்ததோ நகம் வழுக்கும் அளவுக்கு வழவழப்பாக இருப்பதோடு, தூக்கிப் பார்த்தால் எடையும் குறைவாகத் தெரிகிறது. எனாமல் பூசிய, மூடியுடன் கூடிய ஆழமான சட்டிகளின் விலை இன்னும் அதிகம்.

இரண்டுமே இரும்புதான் என்னும்போது, கூடுதல் பணம் சமையலில் எந்த இடத்தில் தெரியும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். என்னிடம் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

முதல் மறுமொழி

மலிவானது ஒன்று, விலை உயர்ந்தது ஒன்று என இரண்டையும் ஒன்பது ஆண்டுகளாக அருகருகே வைத்துச் சமைத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். எனாமல் இல்லாத வெறும் வார்ப்பிரும்பைப் பொறுத்தவரை, நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இரும்புக்குப் போவதில்லை; அதைக் கடைந்து மெருகேற்றும் வேலைக்கும் எடையைக் குறைப்பதற்கும்தான் போகிறது.

வார்ப்பிரும்பு வெப்பத்தைச் சீராகப் பரப்பும் என்று பலரும் சொல்வார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. வெப்பத்தைக் கடத்தும் திறனில் அது அலுமினியத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அதன் பலம் வேறொன்று: கனமாக வார்க்கப்படுவதால் நிறைய வெப்பத்தைத் தன்னுள் தேக்கி வைத்துக்கொள்ளும், குளிர்ந்த இறைச்சித் துண்டை வைத்தாலும் சட்டியின் சூடு சட்டென்று இறங்கிவிடாது. இதை ஒருமுறை சோதித்தே பார்த்தேன். காய்ந்த சட்டியில் மாவை மெல்லிய படலமாகத் தூவி, சிறிய அடுப்பில் மிதமான தீயில் வைத்தேன். தீ நேராகப் படும் இடத்தில் மட்டும் மாவு வளையமாகப் பழுப்பேறியது. ஓரத்தில் இருந்த மாவு வெகுநேரம் வெள்ளையாகவே இருந்தது. விலை உயர்ந்த சட்டியிலும் அதே வளையம், ஏறக்குறைய அதே நேரத்தில் வந்தது. இதற்கு ஒரே மருந்து, மிதமான சூட்டில் எட்டுப் பத்து நிமிடம் பொறுமையாகக் காயவிடுவதுதான். இண்டக்‌ஷன் அடுப்பில் இது இன்னும் முக்கியம். இரும்பு காந்தத்தில் ஒட்டும் உலோகம் என்பதால் அந்த அடுப்பில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் வைத்தால் நடுப்பகுதி மட்டும் விரிந்து அடி வளைந்துவிடலாம், விரிசலும் விடலாம்.

இனி சொரசொரப்புக்கு வருகிறேன். சட்டியை மணல் அச்சில் வார்க்கிறார்கள். அந்த மணலின் தடமே நீங்கள் விரலில் உணர்ந்தது. இந்த முறை புதிதல்ல; ஆபிரகாம் டார்பி என்பவர் மணலில் இரும்புப் பாத்திரம் வார்ப்பதற்கு 1707-இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் கிரிஸ்வோல்ட், வாக்னர் போன்ற பழைய நிறுவனங்கள் வார்த்தெடுத்த பிறகு உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி விற்றன. இன்று மலிவாக விற்பவர்கள் அந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். 1896-இல் தொடங்கப்பட்ட லாட்ஜ் நிறுவனம் 2002-இல் சட்டிகளை எண்ணெயில் பழக்கியே, அதாவது எண்ணெய் தடவிச் சூடேற்றி அதன் படலத்தைப் படியவைத்தே, விற்கத் தொடங்கியது. அவற்றின் உட்புறமும் சொரசொரப்பானதுதான்.

ஆனால் உணவு ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் உலோகத்தின் வழவழப்பைவிட அதன்மேல் படியும் எண்ணெய்ப் படலமே. எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, தடவியது தெரியாத அளவுக்குத் துடைத்தெடுத்துவிட்டு, 230 முதல் 250 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால், அது பிசுபிசுப்பு நீங்கிக் கெட்டியான கரும்படலமாக இறுகிவிடும். தடிமனாகத் தடவினால் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். புதியவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். என் மலிவான சட்டியில் முதல் வாரம் முட்டை ஊற்றியபோது பாதி சட்டியிலேயே தங்கிவிட்டது. மூன்று நான்கு மாதம் அன்றாடம் சமைத்த பிறகு பள்ளங்களெல்லாம் நிரம்பி, அதே சட்டியில் முட்டை தானாக நழுவியது. வழவழப்பான சட்டியில் முதல் நாளே ஓரளவு நன்றாக வந்தது உண்மை. ஆனால் பிடிமானம் இல்லாததால் தொடக்கத்தில் அதன் படலம் இரண்டு முறை செதில் செதிலாக உரிந்து வந்தது. ஆறு மாதத்துக்குப் பின் கண்ணைக் கட்டிக்கொண்டு சமைத்தால் எதில் சமைக்கிறேன் என்று உணவை வைத்து என்னால் சொல்ல முடியாது.

இரண்டாம் மறுமொழி

மேலே நண்பர் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். எடையைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 26 செ.மீ. சட்டி சாதாரணமாக இரண்டேகால் முதல் இரண்டரைக் கிலோ இருக்கும், 30 செ.மீ. என்றால் மூன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும். அதில் உணவும் சேர்ந்து, கொதிக்கும் எண்ணெயை ஒரு கையால் சாய்த்து வடிக்க வேண்டும் என்றால் நிலைமை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு மணிக்கட்டில் நாள்பட்ட வலி உண்டு. மலிவான பெரிய சட்டியை வாங்கி, இரண்டே மாதத்தில் அதைத் தொடவே தயங்கும் நிலைக்கு வந்துவிட்டேன். பின்னர் விலை கொடுத்து மெல்லிய வார்ப்பில் ஒன்றை வாங்கினேன். அரைக் கிலோதான் குறைவு, கைப்பிடியும் சற்று நீளம், எதிர்ப்புறம் பிடித்துத் தூக்க ஒரு காதும் இருக்கிறது. ஏழு ஆண்டுகளாக அது அடுப்பைவிட்டு இறங்குவதே இல்லை. மெல்லியதாக இருப்பதால் தேங்கும் வெப்பமும் குறைவு என்பதை மறைக்கவில்லை; ஆனாலும் தூக்க முடியாத சட்டியில் எவ்வளவு வெப்பம் தேங்கினாலும் எனக்குப் பயனில்லை. ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, அரை நிமிடம் நேராக நீட்டிப் பாருங்கள்.

மூன்றாம் மறுமொழி

எனாமல் சட்டிகளின் கணக்கே வேறு. அங்கே விலைக்கும் தரத்துக்கும் உண்மையான தொடர்பு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

எனாமல் என்பது கண்ணாடிதான். கண்ணாடித் தூளை இரும்பின்மேல் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூளையில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். சூடேறும்போது இரும்பும் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதில்லை. இரண்டையும் பொருந்தச் செய்யும் கலவையும், பூச்சின் அடுக்குகளும், விளிம்பில் அது எவ்வளவு முழுமையாக மூடியிருக்கிறது என்பதுமே ஆயுளைத் தீர்மானிக்கின்றன. 1925 முதல் பிரான்சில் இதைச் செய்துவரும் லெ க்ரூசே போன்றவர்கள் விலை சொல்வது பெயருக்காகவும்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பெயருக்காக மட்டுமல்ல. முதலில் நான் வாங்கிய மலிவான சட்டியில் மூடி படும் விளிம்பு ஓராண்டுக்குள் பொரிந்து, அங்கே துரு ஏறியது. பிறகு ஒருநாள் உட்புறத்திலிருந்து நகக்கண் அளவு சில்லு பெயர்ந்து வந்ததைக் கழுவும்போதுதான் பார்த்தேன். சமைத்து வைத்திருந்த அவ்வளவையும் கொட்டிவிட்டேன். உணவில் கண்ணாடிச் சில்லு கலந்திருக்கலாம் என்ற எண்ணம் வந்தபின் மனம் கேட்கவில்லை. வெறும் இரும்பு எவ்வளவு துருப்பிடித்தாலும் தேய்த்துவிட்டு மறுபடி பழக்கிக்கொள்ளலாம். எனாமல் பெயர்ந்தால் வீட்டில் சரிசெய்ய வழியே கிடையாது.

இதற்கும் மேல், எனாமல் உங்களுக்குத் தேவையா என்பதைப் பாருங்கள். தக்காளி, எலுமிச்சை, வினிகர் என்று புளிப்புள்ளவற்றை மணிக்கணக்கில் வேகவைப்பதானால் வெறும் இரும்பு ஒத்துவராது. படலம் கரைந்து, உணவில் இரும்பின் வாடை ஏறும். உடலில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் நோயுள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. அத்தகைய சமையல் வாரம் இரண்டு முறையாவது உண்டு என்றால் நல்ல எனாமல் சட்டி ஒன்றுக்குப் பணம் சேர்த்து வைத்து வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம். நான்ஸ்டிக்குக்கு மாற்றாக மட்டும் அதை நினைக்காதீர்கள். அதில் முட்டை ஒட்டும், வெறுமையாகச் சூடேற்றினால் பூச்சும் கெடும்.

கேட்டவரின் பதில்

மிக்க நன்றி. புளிப்பான சமையல் எங்கள் வீட்டில் அரிது என்பதால் எனாமலை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். மலிவானதையே வாங்கிப் பழக்கலாம் என்று தோன்றுகிறது. தெரிந்தவர் ஒருவர் தம்மிடமுள்ள பழைய வழவழப்பான சட்டியைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அதை வாங்கலாமா?

முதல் மறுமொழியாளர்

பழையதாக இருப்பதில் தவறில்லை. பார்த்து வாங்க வேண்டும். சமதளமான மேடையில் வைத்து விளிம்பை அழுத்துங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது, இண்டக்‌ஷனுக்கு அது உதவாது. கைப்பிடியில் தொங்கவிட்டு விரல்முட்டியால் தட்டுங்கள். மணியோசைபோல் நீண்டு ஒலித்தால் நல்லது, ‘டொக்’கென்று அடங்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். மேல்துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் அது சமையலுக்கு மட்டும் பயன்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். தூண்டில் குண்டு வார்ப்பதற்காகப் பழைய இரும்புச் சட்டிகளில் ஈயம் உருக்கும் வழக்கம் சிலரிடம் இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அதில் மறுபடி சமைக்கக் கூடாது. தெளிவான பதில் கிடைக்காவிட்டால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட்டுப் புதிய மலிவான சட்டியையே வாங்குங்கள்.