சோத்த நிறுத்திட்டேன், இப்ப வெயிட் எறங்கவே மாட்டேங்குது. ஸ்லிம்மிங் காப்பி வாங்கலாமா?

லயத்துப்பொண்ணு (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். தீபாவளி கழிச்சு அண்ணன் கல்யாணம், அதுக்குள்ள ஒடம்ப கொறைக்கணும்னு காலைல பார்லி தண்ணி, மத்தியானம் ஆப்பிள், ராத்திரி வெள்ளரிக்கா, அவ்ளோதான் சாப்பாடு. மொத வாரம் சரசரன்னு எறங்குச்சு, எஸ்டேட் ஆபிஸ்ல எல்லாரும் எப்படின்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப தராசு அசையவே இல்ல, எந்திரிச்சா கண்ணு இருட்டுது, மாமாக் கடை பக்கம் போனா ரொட்டி சானாய் வாசத்துக்கே வெறி புடிக்குது. கூட வேல செய்யற அக்கா ஸ்லிம்மிங் காப்பி விக்கிறாங்க, வாங்கலாமா? அப்புறம் என்னைய பாத்து அம்மாவும் சோறு வேணாங்கறாங்க. அவங்களுக்கு இனிப்பு நீர் இருக்கு, நல்லதுதானே?

ஈப்போ_அக்கா:
மொத வாரம் போனது பெரும்பாலும் தண்ணிம்மா. ஈரல்லயும் தசையிலயும் கிளைகோஜன்னு ஒன்னு சேந்திருக்கும், அது ஒரு கிராமுக்கு சுமார் 3 கிராம் தண்ணிய புடிச்சு வச்சிருக்கும், சோத்த நிறுத்துனா ரெண்டும் சேந்தே போயிடும். கொழுப்பு ஒரு கிலோ கரையணும்னா சுமாரா 7,700 கலோரி செலவாகணும், அது என்ன நாலஞ்சு நாள்ல நடக்கற காரியமா? நீ சாப்புடறதுல புரதமே இல்ல, அதனால தசையும் கரையுது, ஒடம்பும் உஷாராகி செலவ கொறச்சிக்கிது, பசிய ஏத்தி விடுது. முடி இப்ப கொட்டாது, ரெண்டு மூணு மாசம் கழிச்சு கல்யாண நேரத்துல கொட்டும் பாரு. ரொம்ப வேகமா எறக்குனா பித்தப்பைல கல்லு வர்றதும் உண்டு.

காப்பிய தொடாதே. இந்த மாதிரி சரக்குல சிபுட்ராமின்னு பசிய அடக்கற மருந்து கலந்திருக்குன்னு சுகாதார அமைச்சு பல தடவ எச்சரிச்சிருக்கு. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் பயத்துல 2010லயே அமெரிக்கா, ஐரோப்பாவுல மார்க்கெட்ட விட்டு எடுத்த மருந்து அது.

அதெல்லாம் இருக்கட்டும், அம்மா என்ன மாத்திரை சாப்புடறாங்க?

லயத்துப்பொண்ணு:
மெட்ஃபோர்மின், அப்புறம் கிளிக்லசைட்னு போட்டிருக்கு.

ஈப்போ_அக்கா:
ஐயோ, மொதல்ல போய் அம்மாவுக்கு சோறு போடு. கிளிக்லசைட் கணையத்த தட்டி இன்சுலின சுரக்க வைக்கிற மாத்திரை, வயித்துல ஒன்னும் இல்லன்னாலும் அது பாட்டுக்கு வேலைய செய்யும், ரத்தத்துல சீனி மளமளன்னு எறங்கிடும். வேத்து ஊத்தறது, கை நடுங்கறது, பேச்சு கொழறறதுன்னு பாத்தா ஒடனே சீனித் தண்ணி குடு. மயக்கமாயிட்டா மட்டும் வாயில ஒன்னும் ஊத்தாதே, ஆம்புலன்ஸ கூப்புடு, 999. மாத்திரைய நீங்களா நிறுத்தவும் வேணாம், நாளைக்கு கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, போய் நடந்தத சொல்லுங்க.

கங்சார்_தம்பி:
அக்கா சொல்றது சரிதான், ஆனா வேகமா கொறைக்கிற டயட் எல்லாமே தப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன். பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆய்வு, இனிப்பு நீர் உள்ளவங்களுக்கு ஒரு நாளைக்கு 850 கலோரி போல ஷேக்கும் சூப்பும் மட்டும் குடுத்தாங்க, ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட பாதி பேருக்கு மாத்திரையே இல்லாம சீனி கட்டுக்குள்ள வந்துருச்சு.

ஈப்போ_அக்கா:
தெரியும் தம்பி. அதுல மொத நாளே சீனி மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் டாக்டருங்களே நிறுத்திட்டுதான் ஆரம்பிச்சாங்க, புரதம் விட்டமின் எல்லாம் அளந்த ஷேக்கு வேற. இங்க ஆப்பிளும் வெள்ளரிக்காயும்.

மண்டோர்_மவன்:
எங்க தாத்தா ரெண்டு தட்டு சோறு அடிச்சுட்டும் ஒல்லியாதான் இருந்தாரு, விடியறதுக்கு முன்ன பால்மரம் சீவ போயிடுவாரு. நம்ம ஏர்கோண்ட்ல உக்காந்துகிட்டு அதே ரெண்டு தட்ட சாப்புடறோம். கிளினிக் சுவத்துல ஒட்டியிருக்கே சுக்கு சுக்கு செப்பாரோன்னு, மலாய்ல கால் கால் பாதின்னு அர்த்தம், அத பாரு தங்கச்சி: தட்டுல கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ, பாதி காய்கறி பழம். இனிப்பு பால் டீ தே தாரிக்குக்கு பதிலா, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். வாரத்துக்கு அரை கிலோ எறங்குனாலே போதும் லா.

லயத்துப்பொண்ணு:
அம்மா ரசம் ஊத்தி சாப்ட்டுட்டாங்க, நானும்தான். நாளைக்கு அரை நாள் லீவு கேட்டிருக்கேன். அந்த காப்பி அக்கா ஆபிஸ்ல நெறைய பேருக்கு வித்துட்டாங்க, அதுல பிரஷர் உள்ளவங்களும் இருக்காங்க, இத அவங்ககிட்ட எப்படி சொல்றது?