பொருள்: சைலன்சர் 'பேக்கிங்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

பைக் பராமரிப்புக் கையேட்டில் புகைப்போக்கி அத்தியாயம் மட்டும் பாக்கி. இதுவரை வைத்திருப்பவை: எக்சாஸ்ட் – புகைப்போக்கி (முழுத் தொகுதி), பெண்ட் பைப் – வளைகுழல், சைலன்சர் – ஒலியடக்கி, ஆஃப்டர்மார்க்கெட் – பிற்சந்தை (கம்பெனி தராத, வெளியில் வாங்கி மாட்டுவது), பேக்கிங் – திணிப்பு அல்லது அடைப்பு (சைலன்சருக்குள் ஒலியை உறிஞ்ச வைக்கும் நார்). கடைசி இரண்டும் உறுத்துகின்றன. கருத்துச் சொல்லுங்கள்.

---

> பேக்கிங் – திணிப்பு அல்லது அடைப்பு

ஐயா, 'அடைப்பு' வேண்டவே வேண்டாம். பட்டறையில் "சைலன்சர் அடைச்சிருக்கு" என்றால் உள்ளே கரி படிந்து புகை போக வழியில்லை, வண்டி இழுக்கவில்லை என்று பொருள். நாம் சொல்ல வருவது அதற்கு நேர்மாறு: உள்ளே இருக்க வேண்டியது எரிந்து பறந்துவிட்டது. 'திணிப்பு' என்றால் இங்கே யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சைலன்சர் அல்ல.

சொல்லைத் தேடுமுன் கோளாறுகளைப் பிரித்துவிடலாம். வெளியில் வாங்கி மாட்டிய சைலன்சர் திடீரென்று கத்தினால் "சைலன்சர் போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன.

ஒன்று, மூட்டுக் கசிவு. ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கும். சிலிண்டர் ஹெட்டில் வளைகுழல் சேரும் இடத்திலோ கிளாம்ப் அருகிலோ கருங்கோடு தெரியும். திறந்த வெளியில், வண்டி குளிர்ந்திருக்கும்போது மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்து, தடித்த துணியால் பின்வாயை ஓரிரு நொடி அழுத்தினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். பி.எஸ்.6 (இன்றைய மாசுக்கட்டுப்பாட்டுத் தரம்) வண்டியில் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால், உள்ளே வரும் காற்றைப் பார்த்து பெட்ரோல் குறைவு என்று சென்சார் கணக்கிடும், இ.சி.யு. (எஞ்சினை இயக்கும் மின்னணுப் பெட்டி) பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் விழும். சைலன்சரை மாற்றினாலும் இது போகாது. மாற்ற வேண்டியது செம்பு கேஸ்கட் (மூட்டில் கசியாமல் அடைக்கும் வளையம்). அது ஒருமுறை நசுங்கித்தான் அடைக்கும், கழற்றினால் புதிதுதான்.

இரண்டு, பஞ்சு எரிந்தது. பஞ்சு என்றால் அந்த பேக்கிங்தான். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வெறுங்குடம் போல ஒலிக்கும். மேலோட்டில் ஒரே இடம் மட்டும் நீலம் பூக்கும் அல்லது பெயிண்ட் கொப்பளிக்கும். பின்வாயில் வெள்ளை நார் ஒட்டியிருக்கும்.

மூன்று, உள்குழாயின் வெல்டு விட்டது. குளிர்ந்தபின் ரப்பர் சுத்தியலால் தட்டினால் கலகலக்கும். இதற்கு மட்டும்தான் சைலன்சரையே மாற்ற வேண்டும்.

---

> இரண்டு, பஞ்சு எரிந்தது

சொல்லை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 'ஒலிப்பஞ்சு' என்று வைத்தால் என்ன? கண்ணாடிப் பஞ்சு, பசால்ட் (எரிமலைப் பாறை) பஞ்சு, எஃகுப் பஞ்சு என்று வகைகளும் தாமே அமையும். பஞ்சு சுற்றியிருக்கும் ஓட்டைக் குழாய்க்குத் 'துளைக்குழல்'.

---

ஒலிப்பஞ்சு நன்று. ஒரே தயக்கம்: படிப்பவர் நிஜப் பஞ்சை வாங்கித் திணித்துவிடுவார். முதல் சவாரியிலேயே தீப்பிடிக்கும்.

---

அதற்குச் சொல்லை மாற்ற வேண்டாம், செய்முறையில் பொருளைச் சொன்னால் போதும். வரைவு இதோ:

"பின்மூடியின் ரிவெட்டுகளை (பெரும்பாலும் 4.8 மி.மீ.) 5 மி.மீ. டிரில் பிட்டால் எடுக்கவும். முகக்கவசம், கையுறை கட்டாயம். பழைய கண்ணாடி நார் தோலிலும் மூச்சிலும் ஏறும். துளைக்குழலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துளைகளைத் திறக்கவும். முதல் சுற்று எஃகுப் பஞ்சு, அதன்மேல் கண்ணாடி அல்லது பசால்ட் ஒலிப்பஞ்சு. கொள்ளளவில் லிட்டருக்குச் சுமார் 100 முதல் 120 கிராம். குறைந்தால் புகை வேகத்தில் கிழிந்து பறக்கும். இறுக்கி அடைத்தால் ஒலியை உறிஞ்சாது. மாஸ்கிங் டேப் சுற்றி உள்ளே செருகவும்; டேப் எரியும்வரை சில நிமிடம் புகை வரும். எஃகு ரிவெட் போடவும்.

பூட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும். பிறகு வளைகுழல் சேரும் ஹெட் நட்டுகளை மாற்றி மாற்றி, அடுத்து கிளாம்ப், கடைசியில் ஹேங்கர் போல்ட் (சைலன்சரை வண்டிச் சட்டத்தில் தாங்குவது). ஹேங்கரை முதலில் முறுக்கினால் குழாய் இழுபட்டு மூட்டு கோணும், அல்லது பிராக்கெட் வெல்டு பின்னாளில் விடும். ஒருமுறை சூடேறி ஆறியபின் மறுபடி முறுக்கவும்."

துருப்பிடித்த ஹெட் ஸ்டட்டுக்கு (வளைகுழலின் நட்டு ஏறும் திருகுத்தண்டு) முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடவேண்டும் என்பதையும் சேருங்கள். ஸ்டட் ஒடிந்தால் செலவு சைலன்சரைத் தாண்டும்.

வண்டியோடு வரும் கம்பெனி சைலன்சர்கள் நிறைய அறைவகை (உள்ளே தடுப்பறைகள் கொண்டவை). அவற்றில் பஞ்சைப் பிரித்து மாற்றும் வழி கிடையாது, வெட்டி வெல்டு செய்தால்தான் உண்டு. இந்தச் செய்முறை துளைக்குழல் வகைக்கு மட்டும் என்று தலைப்பிலேயே போடுங்கள்.

> ஆஃப்டர்மார்க்கெட் – பிற்சந்தை

கடையில் கேட்பது 'கம்பெனி சைலன்சர்', 'வெளி சைலன்சர்'. 'வெளித்தயாரிப்பு' என்று எழுதினால் புரியும். அங்கேயே ஒரு வரி: 175 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி ஓட்டச் சோதனையில் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது, 80 முதல் 175 சி.சி. வரை 77. பஞ்சு எரிந்த வெளித்தயாரிப்பு இதில் தேறாது.

---

ஒலிப்பஞ்சு, துளைக்குழல், வெளித்தயாரிப்பு மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். 'கேஸ்கட்' அப்படியே இருக்கட்டும்; கடையில் வேறு பெயரில் கேட்டால் தரமாட்டார்கள்.