பழைய கதைப் புத்தகப் படம் போட்ட குஷன்: காட்டனா, பாலியெஸ்டரா?

ஜன்னலோரம்: மூன்று பேர் உட்காரும் சாம்பல் நிற சோபா. பழைய சிறுவர் கதைப் புத்தகப் படங்களை அச்சடித்து 16 அங்குலச் சதுரத்தில் ஐந்து குஷன் போடத் திட்டம். என்ன துணி எடுக்கலாம்?

தறிக்கட்டை: பாலியெஸ்டரில் சப்ளிமேஷன், அதாவது தாளில் அச்சடித்த படத்தைச் சூட்டால் துணிக்கு மாற்றும் முறை. 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் 45 முதல் 60 நொடி அழுத்தினால் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே இறங்கிவிடும். மேலே படலம் எதுவும் இல்லாததால் துவைத்தாலும் வெடிக்காது, உரியாது. தாளில் படத்தை இடவலம் மாற்றி அச்சிட மறந்தால் மட்டும் வம்பு.

பழுப்புத்தாள்: உழைக்கும், சரி. பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா? சிறுவர் புத்தக ஓவியர் ஆர்தர் ராக்கம் பேனாக்கோட்டின் மேல் மெல்லிசாக நீர்வண்ணம் பூசியவர். பழுப்பும் சாம்பலும்தான் அவர் படத்துக்கு உயிர். அதைப் பளபளப்புத் துணியில் ஏற்றினால் காலண்டர் படமாகிவிடும். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அளவில் காட்டனோ காட்டன்-லினன் கலவையோ எடுத்து, சாயம் இழையோடு வேதிவினையில் இணையும் ரியாக்டிவ் அச்சு போடுங்கள். ஆவியில் வைத்துச் சாயத்தை நிலைநிறுத்தி, மிச்சத்தை அலசிவிடுவார்கள். தொட்டால் துணி துணியாகவே இருக்கும்.

தறிக்கட்டை: பாலியெஸ்டர் என்றாலே பளபளப்பு என்று யார் சொன்னது? லினன் நெசவு மாதிரிச் சொரசொரப்பான மேட் ரகம் இருக்கிறது. அதுபோக, காட்டனில் அச்சு என்று மொட்டையாகக் கேட்டால் பல இடங்களில் பிக்மெண்ட் இங்க்தான் போட்டுத் தருவார்கள். அது இழையின் மேலேயே ஒட்டி நிற்பது. முதுகு உரசும் இடமும் ஓர மடிப்பும்தான் முதலில் வெளுக்கும்.

பழுப்புத்தாள்: அதனால்தான் ரியாக்டிவ் என்று பெயர் சொல்லிக் கேட்கச் சொன்னேன். இரண்டு முறைக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு: வெள்ளை மை கிடையாது. துணியின் நிறம்தான் படத்தின் வெள்ளை. தாளின் மஞ்சளை அப்படியே ஸ்கேனில் விட்டு, கிரீம் துணியிலும் அச்சடித்தால் மஞ்சள் இரட்டிப்பாகி அழுக்குத் துணி மாதிரி தெரியும். பழமையான நிறம் வேண்டுமென்றால் கோப்பில் வையுங்கள், அல்லது துணியில் வையுங்கள். இரண்டிலும் வேண்டாம்.

ஊசிமுனை: துணிச் சண்டை இருக்கட்டும், முக்கால்வாசிப் பேருக்கு ஸ்கேனில்தான் கெடுகிறது. 5 அங்குல அகலப் படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் 1500 பிக்சல். அதை 16 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 94 கூடத் தேறாது. 150 வேண்டும், அதாவது 2400 பிக்சல். 600 டிபிஐயில் எடுங்கள், 3000 கிடைக்கும்.

20ஆம் நூற்றாண்டுத் தொடக்க வண்ணப் படங்களில் பெரும்பாலானவை ஹாஃப்டோன் எனும் நுண்ணிய மைப் புள்ளிகளால் அச்சானவை. மூன்று மடங்கு பெரிதாக்கும்போது புள்ளிகளும் கூடவே பெரிதாகும், நெசவோடு சேர்ந்து அலை அலையாகத் தெரியும். ஸ்கேனரில் இந்தப் புள்ளிகளை மழுக்கும் டிஸ்கிரீன் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். 19ஆம் நூற்றாண்டு ஓவியர் கேட் கிரீனவேயின் படங்கள் மரக்கட்டையில் செதுக்கி அச்சானவை, கோடுகளால் ஆனவை. பெரிதாக்கினால் இவ்வளவு தொந்தரவு தராது.

ஜன்னலோரம்: புத்தகப் பக்கம் நீளவாக்கில் இருக்கிறதே, சதுரத்துக்கு எப்படிப் பொருத்துவது?

ஊசிமுனை: இழுக்காதீர்கள், முகம் பூசணிக்காயாகிவிடும். வெட்டுங்கள், இல்லை சுற்றிலும் வெறும் ஓரம் விடுங்கள். தைத்து முடிந்தபின் 16 அங்குலம் வர, பக்கத்துக்கு அரை அங்குலம் தையலுக்கு விட்டு 17 வெட்டவேண்டும். படம் வெட்டுக்கோட்டையும் தாண்டி ஓர் அங்குலம் போகட்டும். உள்ளே 18 அங்குலத் திண்டு போட்டால்தான் விறைப்பாக நிற்கும். ஆனால் நடு உப்பி ஓரங்கள் பின்பக்கம் சரியும், அதனால் முகமும் எழுத்தும் நடுவில் உள்ள 11 அங்குலத்துக்குள் அடங்கவேண்டும். ஜிப்பைக் கீழ்த் தையலில் வையுங்கள்.

தறிக்கட்டை: காட்டன் சுருங்குவதை யாரும் சொல்லவில்லையே. 5 சதவீதம் என்றால் 17 அங்குலத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும்.

பழுப்புத்தாள்: ரியாக்டிவ் துணி அச்சுக்குப் பிறகு அலசப்படுவதால் பெரும்பகுதி அங்கேயே சுருங்கிவிடும், வந்தபிறகு அளந்து வெட்டுங்கள். அச்சுக்கு முன்னால் மட்டும் துவைத்துக் கொடுக்காதீர்கள், மை பிடிப்பதற்காகப் பூசிய மருந்து போய்விடும். இன்னொன்று, ஐந்திலும் படம் வேண்டாம். இரண்டு போதும், இரு முனைகளிலும். மற்ற மூன்றும் படத்திலிருந்தே எடுத்த துரு நிறம், பாசிப்பச்சை என வெறும் துணி.

தறிக்கட்டை: வெறும் கோட்டுப்படமாக, ஒரே ஓவியர் கையாக இருந்தால் மூன்று தாங்கும். ஓவியர் இறந்த ஆண்டையும் பார்த்துவிடுங்கள், அச்சகத்தில் கேட்பார்கள். ராக்கம் 1939இல் இறந்தவர், ஆயுளுக்குப் பின் 70 ஆண்டு காப்புரிமை உள்ள நாடுகளிலும் தடையில்லை. ‘வின்னி த பூ’ கதைகளுக்குப் படம் வரைந்த இ. எச். ஷெப்பர்ட் இறந்தது 1976; அதே நாடுகளில் 2046 முடியும்வரை உரிமை உண்டு.

பழுப்புத்தாள்: இதில் சண்டையில்லை. துணிக்கு ஒரு சோதனை: இரண்டிலும் 4 அங்குலத் துண்டு அச்சடித்து, பாதியை அட்டையால் மூடி வெயில் படும் ஜன்னலில் ஒரு மாதம் வையுங்கள்.

தறிக்கட்டை: ஈரமான வெள்ளைத் துணியால் இருபது முறை தேய்த்தும் பாருங்கள். வெள்ளையில் எது ஒட்டுகிறதோ அதைத் தள்ளுங்கள்.