பனிச்சரிவு ஆபத்தைக் கணிப்பதில் குழப்பம், அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சுவிட்சர்லாந்தில் இருக்கிறேன். பராமரிக்கப்பட்ட பாதைகளை விட்டு மலையேறிப் பனிச்சறுக்குவது எனக்கு இது இரண்டாவது குளிர்காலம்.

போன சனிக்கிழமை நண்பரோடு டாவோஸ் பக்கம் டிஷ்மா பள்ளத்தாக்குக்குப் போனேன். முந்தின நாள் மாலை 5 மணி பனிச்சரிவு அறிக்கையில் ஆபத்து நிலை 3 (மொத்தம் 5 நிலைகள்). வடக்குப் பார்த்த சரிவுகளில் பழைய பனி பலவீனம் என்று போட்டிருந்தது.

ஏறும்போது காலடியில் ‘வூம்ப்’ என்று ஒரு சத்தம். பனி லேசாக அமுங்கியது. உள்ளே பலவீனமான அடுக்கு நொறுங்கினால் வரும் எச்சரிக்கைச் சத்தம் அது. கொஞ்சம் தள்ளிக் குழி தோண்டினோம். 60 செ.மீ. ஆழத்தில் சர்க்கரை மாதிரி ஓர் அடுக்கு, அள்ளினால் விரலிடுக்கில் உதிர்ந்தது. அந்த அடுக்கில் விரிசல் பரவுமா என்று சோதிக்க, 90 செ.மீ. அகலத்துக்குப் பனியை வெட்டி, ஒரு முனையில் மண்வெட்டியை வைத்துத் தட்டினோம். 24-வது தட்டில் விரிசல் விட்டது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. விரிசல் பரவவில்லை, அதனால் போகலாம் என்றார் நண்பர். எதிரே 34 டிகிரி சரிவு. எனக்கு அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. திரும்பிவிட்டோம்.

சத்தம் ஒன்று சொல்ல, சோதனை வேறு சொன்னால் நீங்கள் எதை நம்புவீர்கள்? சில மீட்டர் தள்ளினாலே பனி மாறிவிடும் என்கிறார்களே, குழிக்கு இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? அப்புறம், 30 டிகிரிக்குக் குறைந்த சரிவிலேயே போனாலும், தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருந்தால் எவ்வளவு தள்ளிப் போவீர்கள்?

தேடுகருவி (புதைந்தவரை சிக்னல் மூலம் கண்டுபிடிப்பது), துழாவுகோல் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), மண்வெட்டி மூன்றும் இருவரிடமும் உண்டு. ஆனால் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுக்கும் வேகம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. சேர்ந்து பயிற்சி செய்ய யாராவது வந்தால் பெரிய உதவி.