டூசுன் மொழிகள் தகலாக் பக்கமா, மலாய் பக்கமா?

குமரன்_சபா: மலேசியாவோட போர்னியோ தீவுப் பக்கம், சபா தலைநகர் கோத்தா கினபாலு வந்து ஆறு வருஷம் ஆச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க டூசுன், இங்கத்த பழங்குடி. நேத்து சொல்வேட்டை அண்ணன், டூசுன் எல்லாம் பிலிப்பைன்ஸ் மொழிதான், எல்லை போட்டதால மலேசியால வந்துடுச்சுன்னு எழுதியிருந்தாரு. எனக்கு ஒத்துக்க முடியல. மலாய், தகலாக் எல்லாம் சேர்ந்த ஆஸ்ட்ரோனேசிய மொழிக் குடும்பத்துல அதோட இடம் போர்னியோதான், ருங்குஸ், லோத்துட், புருணைல பேசுற டூசுன்னு அதோட கிளை மொழி எல்லாம் சேர்த்துத்தான் சொல்றேன்.

சொல்வேட்டை: தம்பி, வினைச்சொல்ல பாருங்க. டூசுன்ல சாப்பிடுறவனை முன்னாடி வச்சா மங்காக்கான், சாப்பிடுற பொருளை முன்னாடி வச்சா அக்கானொன். பிலிப்பைன்ஸோட தகலாக்லயும் இதே கதை, குமாயின், காயினின். மலாய்ல மாக்கான், டிமாக்கான்னு சுருங்கிடுச்சு. சரி சொல்லுக்கு வருவோம், 'புதுசு' டூசுன்ல வாகு, தகலாக்ல பாகோ, மலாய்ல பாரு. இதுக்கு மேல என்ன வேணும்?

ரேவதி: அண்ணா இதுல ஒரு சிக்கல் இருக்கு. அந்த வினை அமைப்பு இதே குடும்பத்தைச் சேர்ந்த தைவான் பழங்குடி மொழிகள்லயும் இருக்கே, அமிஸ், பைவான் எல்லாம். அப்போ அது மூதாதை மொழியோட சொத்து, டூசுனும் தகலாக்கும் தொலைக்காம வச்சிருக்கு, மலாய் தொலைச்சிடுச்சு, அவ்ளோதான். பாட்டி நகையை ரெண்டு பேத்தி பத்திரமா வச்சிருந்தா அவங்க ரெண்டு பேரும் ஒரே அம்மாவுக்குப் பொறந்தவங்கன்னு ஆயிடுமா? புதுசா சேர்ந்து எதை மாத்தினாங்கன்னு பார்க்கணும். வாகு, பாகோல வர்ற க-வும் பழைய ர மாதிரி ஒரு ஒலி மாறினது, அது தனித்தனியா எங்க வேணா நடக்கலாம்.

சொல்வேட்டை: சரிம்மா, மலாயோட சேர்ந்து டூசுன் எதை மாத்துச்சு? ஒண்ணு காட்டுங்க.

குமரன்_சபா: 'ஏழு'ங்கற எண்! மூதாதை மொழில பழைய சொல் பித்து, தகலாக்ல இன்னைக்கும் பித்தோ. மலாய்ல துஜு, டூசுன்ல துரு. ரெண்டும் 'சுட்டிக்காட்டு'ங்கற வேர்லருந்து வந்தது, ஒரு கையில அஞ்சு எண்ணி முடிச்சுட்டு அடுத்த கையில கட்டைவிரல் ஆறு, ஆள்காட்டி விரல் ஏழு, அதான் விஷயம். டூசுன்ல விரலுக்கே துந்துருன்னு பேரு, மலாய்ல ஆள்காட்டி விரல் தெலுஞ்சுக். 2010ல மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் பெரிய வட போர்னியோ கிளைன்னு ஒண்ணு முன்வச்சப்போ முக்கியமா பிடிச்சது இந்த 'ஏழு' சொல்லைத்தான். மலாயையும் அதுக்குள்ளயே வச்சாரு.

சொல்வேட்டை: மலாய் அந்தக் கரையெல்லாம் சந்தை மொழி. கடன் வாங்கியிருப்பாங்க.

ரேவதி: கடன் வாங்கினா ஜ அப்படியே வந்திருக்கணும் அண்ணா. பாதைக்கு மலாய்ல ஜாலான், டூசுன்ல ராலான். துஜு, துரு அதே ஒழுங்குல வருது. போர்னியோவோட இன்னொரு மொழி கெலாபிட்ல பாதை டாலான், ஏழு துடு, அங்க ட. ஒவ்வொரு மொழியிலயும் அதோட சொந்த ஒலி விதிப்படி மாறியிருக்கு, சந்தைல வாங்கின சொல் இப்படி மாறாது.

மணிமாறன்_கிள்ளான்: அப்போ ஒன்பது? டூசுன் சியாம், தகலாக் சியாம். பழசு சிவா. அந்தக் கடைசி ம் ரெண்டுலயும் புதுசா வந்திருக்கே, ரேவதி சொன்ன அதே அளவுகோல்தானே இது?

ரேவதி: நல்ல கேள்வி, இதுக்கு நான் மழுப்ப விரும்பல. நடுவுல இருக்கற சூலு கடல் வழியா பிலிப்பைன்ஸ் பக்கம் வியாபாரம் ரொம்ப காலமா நடந்திருக்கு, அதனால கடன்னு நினைக்கிறேன். ஆனா துருவுக்கு இருக்கற மாதிரி ஒலி விதி ஆதாரம் இதுக்கு என்கிட்ட இல்ல.

சொல்வேட்டை: ராலான், துரு ஜோடியை நான் யோசிச்சதே இல்ல, அது பலமான ஆதாரம், 'ஏழு' சொல்லை விட்டுத்தரேன். 'ஒன்பது' சொல்லை விடமாட்டேன்.

குமரன்_சபா: அண்ணா, பக்கத்து வீட்டுப் பாட்டி ஈசோ, டுவோ, தோலு, ஆபாட்னு எண்ணுவாங்க, பேரப்பசங்க மலாய்லதான் எண்ணுதுங்க. 1997லருந்து பள்ளிக்கூடத்துல கடசான்டூசுன், அதாவது கடசான், டூசுன் ரெண்டுக்கும் பொதுவான வடிவம், பாடமா இருக்கு, வீட்டுல பேச்சு மலாய்லயே ஓடுது. ஞாயித்துக்கிழமை பாட்டி அனுமதியோட ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் பதிவு பண்ணிட்டு வரேன், சியாமை எப்படி உச்சரிக்கிறாங்கன்னு நீங்களே கேளுங்க.