முதல் கேமரா: "பத்தாயிரத்துக்கு மேல ஓடினதைத் தொடாதே" என்பது எந்த ஊர் கணக்கு?

#1 குவியம்
நம் மன்றத்தின் பக்கத்துத் திரியில் ஒரு பையன் "25,000 ரூபாய்க்குள் முதல் கேமரா, பழசானாலும் பரவாயில்லை" என்று கேட்டிருந்தான். ரெண்டாங்கை என்ற உறுப்பினர் ஷட்டர் கவுண்ட்டை, அதாவது கேமரா இதுவரை எத்தனை தடவை கிளிக் ஆகியிருக்கிறது என்ற கணக்கை வைத்து, ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "ஷட்டர் கவுண்ட் 10,000-க்குக் கீழ இருந்தா வாங்கு. மேல போனதைத் தொடாதே, காசு தண்டம்." அதற்குக் கைதட்டல் வேறு.

நிக்கான் டி3500-இன் ஷட்டர் இத்தனை கிளிக் தாங்கும் என்று சொல்லப்படும் எண் 1,00,000. டி7000-க்கு 1,50,000. அதில் 10,000 என்பது பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேறாத சமாசாரம். வாரம் 200 படம் எடுக்கிறவன் வருடத்துக்கு 10,400 தடவை அமுக்குவான். 30,000 ஓடின டி3500-ஐ வாங்கினாலும் மிச்சம் 70,000 இருக்கிறது. அதைத் தீர்க்க ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அவனுக்கே வேறு கேமரா மேல் கண் போயிருக்கும்.

இந்த 10,000 எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ரெண்டாங்கை
பேர் போட்டுத் திரி திறக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளாயிட்டேனா, சந்தோஷம்.

கல்யாண வேலைக்குப் போன பாடின்னா (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) ஒரு முகூர்த்தத்துக்கு 2,000 கிளிக். அம்பது கல்யாணத்துல லட்சம். புதுசா வர்ற பையனுக்கு எது கல்யாணக் கேமரா, எது வீட்டுக் கேமரான்னு பார்த்துச் சொல்லத் தெரியாது. அதான் கையில ஒரு நம்பர் குடுத்தேன். 10,000-க்குக் கீழன்னா வீட்டுல சும்மா இருந்ததுன்னு அர்த்தம். இதுல என்ன குத்தம் கண்டுட்டீங்க?

#3 உப்புக்காற்று
சும்மா இருந்ததுதான் குத்தம் அண்ணாச்சி. கடலோர ஊருல பையில வச்சுப் பூட்டின லென்ஸ்ல பூஞ்சை புடிக்காம வேற என்ன புடிக்கும்? ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி, காத்தோட்டம் இல்லாம கெடந்தாப் போதும். ஷட்டர் 4,000, லென்ஸுக்குள்ள சிலந்திவலை.

பாக்குற முறை இது. ரெண்டு மூடியையும் கழட்டி, பின்பக்கத்துலேர்ந்து போன் டார்ச் அடிச்சு, முன்னாடி நேரா பாக்காம சாய்ச்சுப் பாக்கணும். கேனான் இஎஃப் லென்ஸ் கழட்டினாலும் உள்ள வெளிச்சம் போற துளை திறந்தே இருக்கும். நிக்கான்ல பேர்ல ஜி எழுத்து இருக்க வகைன்னா கழட்டினதும் தானா சுருங்கிக்கும். பின்னால இருக்க சின்ன லீவரை விரலால தள்ளிப் புடிச்சுக்கிட்டுத்தான் பாக்கணும். இது தெரியாம, ஊசித்துளை வழியாப் பாத்துட்டு "சுத்தமா இருக்கு"ன்னு வாங்கிட்டு வந்துருதாக. தூசி நாலஞ்சு இருந்தா விட்டுருங்க, படத்துல தெரியாது. நூல்நூலாக் கிளை விட்டுருந்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துருங்க. அது கண்ணாடி மேல இருக்க பூச்சையே அரிக்கும், தொடச்சாலும் தடம் போகாது.

#4 ரெண்டாங்கை
லென்ஸ் வேற, பாடி வேற. இங்க பேச்சு ஷட்டரைப் பத்தி. 10,000.

#5 குவியம்
சரி, ஷட்டரைப் பற்றியே பேசுவோம். அந்த எண்ணைப் பையன் எப்படிப் பார்ப்பான்?

நிக்கான் என்றால் கேமராவிலிருந்து நேராக எடுத்த ஜேபெக் கோப்பிலேயே எழுதியிருக்கும். படக் கோப்பின் உள்தகவலைக் காட்டும் எக்ஸிஃப்டூல் மென்பொருளில் திறந்தால் தனி வரியாகத் தெரியும். ஆனால் விற்பவர் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் ஒன்றும் இருக்காது, தகவலையெல்லாம் உரித்துவிட்டுத்தான் அனுப்பும். "டாக்குமென்ட்டாக அனுப்புங்க" என்று கேட்டு வாங்க வேண்டும்.

கேனான் 1500டி என்றால் படக் கோப்பில் அந்த எண்ணே கிடையாது. கேபிள் போட்டு, கணினியில் தனி மென்பொருளில் பார்க்க வேண்டும். அதுவும் எல்லா மாடலையும் படிக்காது. கோப்பின் பெயரில் உள்ள நாலு இலக்கத்தைக் காட்டி "பாருங்க, வெறும் 2,300" என்பார்கள். அது 9999-க்குப் பிறகு 0001-க்குத் திரும்பிவிடும். மெனுவில் போய் யார் வேண்டுமானாலும் திருப்பியும் வைக்கலாம்.

கேனானுக்கே உதவாத விதி என்ன விதி?

#6 ரெண்டாங்கை
அதான் நிக்கான் வாங்குன்றது.

#7 சிவப்புவளையம்
வந்துட்டாருய்யா. டி3500 பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டாரே கிடையாது, தெரியும்ல? உள்ள மோட்டார் இல்லாத பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸ் மலிவா கிடைக்குதேன்னு வாங்கினா ஆயுசுக்கும் கையால திருகிட்டு இருக்கணும். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பின்னு எழுத்து இருந்தாத்தான் நிக்கான் லென்ஸ் அதுல தானா ஃபோகஸ் ஆகும். கேனான் இஎஃப்ல 1987-லேர்ந்தே மோட்டார் லென்ஸுக்குள்ள. 1500டி-ல மாட்டு, ஓடும். முதல் கேமரா வாங்குறவன் எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டா லென்ஸ் வாங்குவான்?

#8 ரெண்டாங்கை
1500டி: 9 ஃபோகஸ் புள்ளி, நொடிக்கு 3 படம், ஒரு சார்ஜுக்கு 500 படம். டி3500: 11 புள்ளி, நொடிக்கு 5, ஒரு சார்ஜுக்கு 1,550. கேனான் காரங்க பேட்டரி பத்தி மட்டும் பேசவே மாட்டாங்க. மோட்டார் வேணும்னா டி90 இருக்கு, டி7000 இருக்கு. டி லென்ஸ் எல்லாம் அதுல ஓடும். கேனான் 3000டி-ல லென்ஸ் மாட்டுற வளையமே பிளாஸ்டிக். அதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை பேசுங்க சார்.

#9 சிவப்புவளையம்
நான் 3000டி-ன்னு வாயைத் திறந்தேனா? டி7000 வந்தது 2010. இத்தனை வருஷத்துல 10,000 ஓடாத டி7000-ஐ நீங்க கண்ணுல காட்டுங்க, நான் கேனானை வித்துடுறேன்.

#10 குவியம்
அதேதான். தன் விதியைத் தானே மீறாமல் அண்ணனால் ஒரு மாடலைக்கூடச் சொல்ல முடியவில்லை. டி90 2008-இல் வந்தது. அதில் 10,000-க்குக் கீழ் என்றால் ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்கும், இல்லை உப்புக்காற்று சொன்ன பூஞ்சையோடு இருக்கும்.

#11 சொல்லேர்
இரண்டு செய்திகள். ஒன்று, எல்லாரும் "ஷட்டர்" என்கிறீர்கள். "திரை" என்று எழுதினால் யாருக்கும் கை வலிக்காது. இரண்டு, லட்சம் லட்சம் என்கிறீர்களே, அது என்ன எண்? நிறுவனம் சோதித்துப் பார்த்த அளவா, சராசரி ஆயுளா, உத்தரவாதமா? அதை முடிவு செய்யாமல் வாதாடுவதில் பயனில்லை.

#12 சிவப்புவளையம்
"திரை எவ்ளோ ஓடியிருக்கு?"ன்னு கடையில கேட்டா டிஸ்ப்ளேயைக் காட்டுவான். வாழ்க தமிழ்.

#13 சொல்லேர்
பின்பக்கம் இருப்பதைக் காட்சித்திரை என்றும் உள்ளே இருப்பதை மூடுதிரை என்றும் பிரித்துச் சொல்லலாம். ஏளனம் பதிலாகாது. என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

#14 முக்காலி
வீடியோவை ஏன் யாரும் பேசலை? டிஎஸ்எல்ஆர்ல கிளிப் எடுக்கும்போது ஷட்டர் கதவு திறந்து நிக்கும், அவ்ளோதான். அரை மணி நேரக் கிளிப் எடுத்தாலும் கவுண்ட்ல ஒன்னு ரெண்டுக்கு மேல ஏறாது, ஆனா படத்தைப் பதியுற சென்சார் முழு நேரமும் சூடாகிட்டே இருக்கும். யூடியூப் ஆளு கிட்ட வாங்கின 3,000 கவுண்ட் பாடி அப்படித்தான். உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுல சத்தமில்லாத மோடு போட்டா கதவு அசையவே அசையாது. எதிர்ப்பக்கம் டைம்லேப்ஸ்: 5 நொடிக்கு ஒரு படம்னா மணிக்கு 720. ஒரு மழைக்காலத்துல 20,000 ஏறிடும், பாடி மேல ஒரு கீறல் இருக்காது.

#15 ரெண்டாங்கை
விதிவிலக்கை எல்லாம் பொறுக்கிக் கோத்து மாலை போடுறீங்க. லட்சம்னு கம்பெனி சொன்னது வாக்கு இல்ல. 40,000-ல போனதும் உண்டு. போச்சுன்னா? டி3500 மாதிரி பாடிக்கு ஷட்டர் மாத்துற செலவு அந்தப் பழைய பாடியோட விலையில பெரும்பங்கைத் தின்னுடும். எவனும் மாத்த மாட்டான், தூக்கிப் போடுவான். 25,000 ரூபாயைச் சேர்த்து வச்சவன் கிட்ட "ஆறரை வருஷம் வரும்"னு சொல்ல உங்களுக்கு எப்படித் தைரியம் வருது?

#16 குவியம்
40,000-இல் போகும் என்றால் 9,000-இலும் போகலாம். அதற்கு எண்ணைப் பார்த்து என்ன பயன்? ஷட்டரைத்தான் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை, அண்ணன் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

பகல் வெளிச்சத்தில், ஒரே நிறச் சுவர் முன்னால், எல்லாவற்றையும் நாமே வைக்கும் 'எம்' முறையில் 1/4000 நொடி. தேவையான அளவு ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவு) ஏற்று. பத்துப் பன்னிரண்டு படம் விடாமல் அடி. பிறகு 1/2000, 1/1000. மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ இருட்டுப் பட்டை விழுந்தாலோ, படத்துக்குப் படம் வெளிச்சம் ஏறி இறங்கினாலோ ஷட்டரின் திரைகள் சீராக ஓடவில்லை. இதைக் கடைக்குள் எல்இடி விளக்கின் கீழ் செய்யாதே. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். புத்தம்புதுக் கேமராவிலும் பட்டை வரலாம்.

அடுத்து துளையைச் சுருக்கி எஃப்/16, ஐஎஸ்ஓ 100, ஃபோகஸைக் குலைத்துவிட்டு வானத்தை எடு. கறுப்புப் புள்ளிகள் சென்சார் மேலுள்ள அழுக்கு. 1500டி, டி3500 இரண்டிலும் சென்சார் தானாக உதறிக்கொள்ளும் வசதி கிடையாது. ரப்பர் பந்தால் ஊதினால் தூசி போய்விடும். வாயால் ஊதாதே, எச்சில் தெறித்தால் கறை. டி7000-இல் எண்ணெய்த் துளி விழும் புகார் உண்டு, அது ஊதினால் போகாது, ஈரத்துடைப்பு வேண்டும்.

கேனானில் எர்ர் (Err) 01 என்ற பிழைச் செய்தி வந்தால் பயப்படாதே, லென்ஸின் பொன்னிறத் தொடுமுனைகளைத் துடைத்துப் பார். எர்ர் 20, எர்ர் 30 வந்தால் வைத்துவிட்டு வா. ஒன்று இயந்திரக் கோளாறு, மற்றது ஷட்டரே. கவுண்ட் 800 ஆக இருந்தாலும் வைத்துவிட்டு வா.

கேனான் 200டி இரண்டாம் பதிப்பை யாராவது காட்டினால், தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தைப் பார். நடுவில் இருக்க வேண்டிய உலோகப் புள்ளி அதில் இல்லை. மலிவு வேற்றுக் கம்பெனி ஃபிளாஷும் ரேடியோ டிரிகரும் பலதும் அதில் அடிக்காது. 1500டி என்றாலும் கையில் வாங்கியதும் அதே இடத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள். இதெல்லாம் எந்தக் கவுண்ட்டில் தெரியும்?

பி.கு.: "மெகாபிக்சல் கூடினால் படம் கூர்மையாகும்" என்று போன மாதம் எழுதியவரும் இதே அண்ணன்தான். அந்தத் திரி இன்னும் இருக்கிறது.

#17 ரெண்டாங்கை
பழசைக் கிளறணுமா, கிளறலாம். "கிட் லென்ஸைத் (கேமராவோட கூட வர்றது) தூரப் போடு, 50 எம்எம் 1.8 ஒன்னு போதும்"னு எழுதினது யாரு? கேனான்ல சென்சார் சின்னது, அந்த 1.6 கிராப்ல அது 80 எம்எம் மாதிரி. 3 மீட்டர் தள்ளி நின்னாலும் 1.3 மீட்டர் அகலம்தான் படத்துல வரும். பத்துக்குப் பத்து அறையில பிறந்தநாள் எடுக்க பக்கத்து வீட்டுச் சுவத்தை இடிக்கணும். அந்தக் கிட் லென்ஸ் 18-ல அதே தூரத்துல 3.7 மீட்டர்.

#18 குவியம்
அது உருவப்படம் மட்டும் எடுப்பேன் என்றவருக்குச் சொன்ன பதில். பாதியை வெட்டி ஒட்டாதீர்கள். அறைக்குள் வேண்டுமென்றால் 24 எம்எம் 2.8 எஸ்டிஎம் இருக்கிறது, 38 எம்எம் மாதிரி. அதையும் அதே பதிவில் எழுதியிருக்கிறேன்.

#19 சிவப்புவளையம்
24-ஐ கேனான் குடுத்துச்சு. நிக்கான் டிஎக்ஸ்ல (சின்ன சென்சார் வகை) அந்த மாதிரி ஒரு தட்டை லென்ஸ் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்.

#20 முக்காலி
அண்ணே, அதுக்கு வேற திரி திறங்க.

#21 புதுசு
நான்தான் அந்தத் திரியில கேட்டது. டி3500 ஒன்னு, 18-55 லென்ஸோட 18,000 சொல்றாங்க. கவுண்ட் 14,200. வாங்கலாமா?

#22 ரெண்டாங்கை
10,000-க்கு மேல. வேண்டாம் தம்பி.

#23 உப்புக்காற்று
டார்ச் அடிச்சியா? லீவரைத் தள்ளிப் பாத்தியா?

#24 குவியம்
தம்பி, 14,200-க்கும் 9,900-க்கும் நடுவில் 4,300. வாரம் 200 படக் கணக்கில் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்துக்காகக் கேமராவை விடச் சொல்கிறார் அண்ணன்.

லென்ஸ் வளையத்தில் ஏஎஃப்-பி என்பதோடு விஆர் (கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி) என்றும் இருக்கிறதா பார். இல்லாமலும் ஒரு ஏஎஃப்-பி 18-55 வருகிறது. விஆர் இல்லையென்றால் 55-இல் கையில் பிடித்து எடுக்க 1/80 நொடிக்குக் கீழ் இறங்க முடியாது, சாயங்காலம் வீட்டுக்குள் எல்லாம் ஆடும். விஆர் பொத்தானை லென்ஸில் தேடாதே, அது மெனுவில். விஆர் இல்லாவிட்டால் அதைச் சொல்லி விலையைக் குறை. அப்புறம் மேலே #16-இல் உள்ளதைச் செய்.

#25 சிவப்புவளையம்
டி3500-ஐ நிக்கானே நிறுத்திட்டான். யோசிச்சுக்கோ.

#26 ரெண்டாங்கை
கேனான் மட்டும் டிஎஸ்எல்ஆர் புதுசு புதுசா விடுறானாக்கும். தம்பி, குவியம், உப்புக்காற்று ரெண்டு பேர் பேச்சைக் கேட்டு வாங்கு, நாளைக்கு எர்ர் வந்தா அவங்க வந்து நிக்க மாட்டாங்க. 14,200-ன்னு சொல்லி 15,000-க்குக் கேளு.

#27 குவியம்
இப்போது 15,000-க்குக் கேட்கச் சொல்கிறார்! நாலு பதிவுக்கு முன்னால் "வேண்டாம் தம்பி". முதல் திரியில் "தொடாதே". தொடாமல் எப்படி விலை பேசுவது?

#28 ரெண்டாங்கை
வாங்குன்னு நான் சொல்லலை. வாங்கித்தான் தீருவேன்னா விலையாவது குறைன்னேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. 10,000-ன்னா 10,000தான்.

#29 சொல்லேர்
அது சோதித்த அளவா, சராசரியா, உத்தரவாதமா? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

#30 குவியம்
ரெண்டாங்கை, 10,000 எங்கிருந்து வந்தது? நான் முதல் பதிவிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.